மேற்கு, மேற்கு, கிழக்கு அழைக்கிறது

ஊரில் தீயணைப்பு நிலையங்கள் நான்கு, திசைக்கு ஒன்றாக. நான்குக்கும் பொதுவாக இருந்தவை இரண்டுதான்: வண்டியின் சிவப்பு நிறம், அடுத்த நிலையத்தைப் பற்றிய இளக்காரம். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் தீக்குத்தான் கொண்டாட்டம் என்று துறைக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. நான்கையும் ஒரே தொடர்பு வலையமைப்பில் கோத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு நிலையத்தில் பேசினால் மற்ற மூன்றிலும் கேட்கும். வண்டிகளிலும் கேட்கும், தலைமையகத்திலும் கேட்கும். கேட்பதற்கு இத்தனை ஏற்பாடு செய்தவர்கள், பேசுவார்களா என்று மட்டும் யாரையும் விசாரிக்கவில்லை.

கிழக்கு நிலைய அலுவலருக்கு ஆட்கள் வைத்த பெயர் சைரன். வண்டியில் மணி பழுதாகிக் கிடந்தாலும் கவலையில்லை, அவர் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தாலே தெரு ஒதுங்கி வழிவிடும். மேற்கு நிலைய அலுவலருக்குப் பெயர் மீசை. மீசை முதலில் வந்து சேரும், கொஞ்சம் கழித்து அவர் வருவார். இந்த மீசையின் கூடப்பிறந்த தங்கைதான் சைரனின் மனைவி. கல்யாணத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் தோள்மேல் கை போட்டு எடுத்துக்கொண்ட படம் இரண்டு வீட்டிலும் இருந்தது. இப்போது இரண்டு வீட்டிலும் அது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

காரணம் வேறொரு படம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்தது. இரண்டு நிலையங்களும் போய் அணைத்தன. மறுநாள் பத்திரிகையில், குழாயைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றார் மீசை. சைரன் அந்தப் படத்தை உற்று உற்றுப் பார்த்தார். "குழாய் எங்களோடது, தண்ணி எங்களோடது, மீசை மட்டும் அவரோடது" என்றார். இருமல் வந்து ஒரு நிமிடம் குழாயை மச்சான் கையில் கொடுத்திருந்தார், அந்த ஒரு நிமிடத்தில்தான் படக்காரன் வந்து தொலைத்திருக்கிறான். "பிடிங்க மச்சான்னு அவனே கொடுத்தான், நானா பிடுங்கினேன்?" என்பது மீசையின் தரப்பு. இருவர் சொன்னதும் உண்மையாக இருந்ததால் சமாதானத்துக்கு வழியே இல்லாமல் போயிற்று.

பேசாமல் இருப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. உயரமான கட்டடத்துக்கு ஏறும் ஏணி வண்டி ஊரிலேயே ஒன்றுதான், அது மேற்கில் நின்றது. பெரிய தண்ணீர் வண்டியும் ஒன்றுதான், அது கிழக்கில். ஏணிக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு ஏணி வேண்டும். விதிப்படி தலைமையகம் வழியாகக் கேட்கலாம். கேட்டால் ஏணி வரும், அதற்குள் கட்டடம் இருக்காது. எனவே சைரன் தன் மனைவிக்குப் போன் செய்வார்.

"அந்த மீசைகிட்ட சொல்லு, ஊர் எரியுது, ஏணிய அணைச்சுக்கிட்டுத் தூங்க வேணாம்னு."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அண்ணனை அழைப்பாள். "அண்ணே, அவர் கேட்டுக்கிறார். முடிஞ்சா ஏணி வண்டிய அனுப்பணுமாம்."

"முதல்ல அவன் போன தடவ சாய்ச்சுவெச்ச என் ஏணிய நிமித்தச் சொல்லு. உருப்படியா ஒரு வேலை தெரியாது."

அவள் மறுபடி கணவனை அழைப்பாள். "அண்ணன் கிளம்பிட்டாராம். பத்திரமா இருக்கச் சொன்னார்."

இப்படியாக ஊர் பல தீயிலிருந்து தப்பியது. செய்தியை வாங்கி, வசவைக் கழித்து, மரியாதையைக் கூட்டி, மறுமுனையில் சேர்க்கும் வசதி உலகத்தில் எந்தக் கருவியிலும் கிடையாது. அதை ஒரு பெண் சமையலறையிலிருந்து நடத்திக்கொண்டிருந்தாள். குளிக்கப் போனால் போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் மடியில் வைப்பாள். ஒருநாளும் அணைத்துவைத்ததில்லை. கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி வெகுகாலமாக உயிரை வாங்கியது. டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போது எங்காவது தீப்பிடித்தால் 'அண்ணே' என்றுகூடச் சொல்ல வராதே என்று அதையும் தள்ளிப் போட்டாள். பல் ஆடியது, ஊர் ஆடவில்லை. இதற்காக யாரும் அவளுக்கு ஒரு பட்டயம்கூடக் கொடுக்கவில்லை, கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது.

வலையமைப்பைக் கொண்டுவந்த திட்ட அதிகாரிக்கு ஒருங்கிணைப்பு என்று பெயர் விழுந்தது. மூச்சுக்கு ஒருதரம் அந்தச் சொல்லைச் சொல்வார், தண்ணீர் கேட்டாலும் அதைச் சேர்த்துத்தான் கேட்பார். நல்ல மனிதர், வேலையும் தெரிந்தவர். நான்கு நிலையத்திலும் சுவரில் திரை மாட்டினார், திரையில் நான்கு பச்சைப் புள்ளிகள் மின்னின. வண்டிக்கு வண்டி பேசும் கருவி வந்தது. பயிற்சியும் நடந்தது.

"யாரைக் கூப்பிடறோமோ அவங்க பேரை ரெண்டு தடவ சொல்லணும், அப்புறம் நம்ம பேரு. சொல்லி முடிச்சதும் ஓவர். கூப்பிடாத நிலையம் குறுக்க வாயைத் திறக்கக் கூடாது. நாலு பேரும் சேர்ந்து பேசினா சந்தைக்கடை ஆயிடும், ஒருங்கிணைப்பு இருக்காது."

வகுப்பில் சைரன் தூணுக்கு இந்தப் பக்கமும் மீசை அந்தப் பக்கமும் உட்கார்ந்து, அதே தூணையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலையத்துக்கு நிலையம் பேசிச் சோதித்த நாளில், கிழக்கும் மேற்கும் பேச வேண்டிய முறை வந்தபோது சைரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வயர்லெஸ்காரரைப் பேசவிட்டார். அதே நேரத்தில் மேற்கில் மீசைக்கும் ஏதோ அவசர வேலை வந்து, அங்கேயும் வயர்லெஸ்காரர்தான் பேசினார். ஆபரேட்டர் இருவரும் கணீரென்று பேசிக்கொண்டார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே தொடர்பு மிகத் தெளிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஒருங்கிணைப்பு.

தொடக்க விழா அன்று காலை சைரன் கண்ணாடி முன் நின்று, கருவியில் பேச வேண்டிய வாழ்த்துரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அறைக்கு வெளியே வந்து நின்றாள்.

"இன்னையிலேருந்து உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவுல நான் வேணாம்தானே?"

"வேணாம். எல்லாம் மெஷினே பாத்துக்கும்."

"அப்ப இன்னைக்கே போய் இந்தப் பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறேன். சந்தை ரோட்டு டாக்டர்தான், மெத்தைக் கடைக்கு மேல மூணாவது மாடி."

"ம்ம். பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

"என்னது?"

"உன்கிட்ட இல்ல. துறைத் தலைவர்கிட்ட."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடச் சைரன் காதில் ஏறவில்லை. கண்ணாடியில் தெரிந்த ஆள் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி பெருமகிழ்ச்சி அடைந்தார்.

விழா தலைமையகத்தின் பெரிய அறையில். நான்கு அலுவலர்களும் அவரவர் நிலையத்தில் கருவி முன் அமர்ந்து பேசுவார்கள், அது அங்கே ஒலிபெருக்கியில் கேட்கும். துறைத் தலைவர் பொத்தானை அமுக்கினார். வடக்கு வாழ்த்தியது, தெற்கு வாழ்த்தியது, கிழக்கு பெருமகிழ்ச்சி அடைந்தது, மேற்கு உவகை கொண்டது. எல்லாரும் தலைமையகத்தைத்தான் அழைத்தார்கள். பிறகு ஒருங்கிணைப்பு பேச எழுந்தார். மதியம் ஒரு ஒத்திகையும் உண்டு, பொய்யாக ஒரு தீயை வைத்துக்கொண்டு நிஜமாக அணைத்துக் காட்டப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, தொடர்பின் மகிமையைத் தொடங்கினார்.

கிழக்கு நிலையத்தின் பழைய போன் அப்போதுதான் அடித்தது. சந்தை ரோட்டில் மெத்தைக் கடை எரிகிறது, மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

சைரன் வாழ்த்துரையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கோபமும் ஆணவமும் ஆளை எப்படியோ ஆக்கியிருந்தாலும் தொழிலில் மனிதர் சுணங்கியது கிடையாது. தெரு முனையிலேயே கரும்புகை தெரிந்தது. மெத்தைக் கடையில் எரிவதற்கென்றே செய்தவை தவிர வேறு என்ன இருக்கும்? கீழ்த்தளம் முழுக்க ஃபோமும் பஞ்சும். மாடிப்படி கடையை ஒட்டியே ஏறியது, அதில் புகை ஆள் போலக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் குழாயை விரித்தார்கள். முகமூடி போட்டுப் படியில் ஏறிய இருவர் முதல் திருப்பத்திலேயே திரும்பி வந்தார்கள். வண்டியில் இருந்த கைஏணி இரண்டாவது மாடி ஜன்னலின் அடிவிளிம்பை எட்டியதோடு சரி. மூன்றாவது மாடி ஜன்னலில் புகைக்கு நடுவே கைகள் ஆடின.

"ஏணி வண்டி வேணும் சார்" என்றார் டிரைவர்.

"தெரியும்யா."

சைரன் கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். 'டூ' என்றது. வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் அப்படித்தான் சொல்லும். கருவிக்குள் ஒருங்கிணைப்பு, "தொடர்புதான் உயிர்" என்று உருகிக்கொண்டிருந்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி 'டூ'. உயிர் எப்போது முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒருவழியாகக் கைதட்டல் கேட்டது, பாதை காலியாயிற்று.

இனி ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். மேற்கு என்ற சொல். சைரன் வாயைத் திறந்தார், சொல் தொண்டைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டது. ஊரே கேட்கும். தலைமையகத்தில் ஒலிபெருக்கியில் கேட்கும். இத்தனை வருஷம் கட்டிக்காத்த கோபத்தை ஒலிபெருக்கியில் கொட்டிக் கவிழ்ப்பதா?

"வடக்கு, வடக்கு, கிழக்கு அழைக்கிறது. ஓவர்."

"சொல்லுங்க கிழக்கு. வாழ்த்துகள். ஓவர்."

"சந்தை ரோட்ல தீ. மூணாவது மாடியில ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. ஏணி வண்டி வேணும். மேற்குகிட்ட கொஞ்சம் சொல்லிடுங்க. ஓவர்."

பிறகு வடக்கு சிரித்தது. "ஒத்திகை மதியம்னாங்களே கிழக்கு? பின்னால கூச்சல் எல்லாம் பிரமாதமா இருக்கு. ஓவர்."

"ஒத்திகை இல்லய்யா! நிஜத் தீ!"

"அப்படின்னா மேற்கையே கூப்பிடுங்களேன். இதே லைன்லதானே அவரும் உக்காந்திருக்கார். எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்குமே. நான் என்னத்தத் தனியாச் சொல்ல? ஓவர்."

கேட்டுத்தான் இருந்தது. தலைமையகத்திலும் கேட்டது, ஒத்திகை முன்கூட்டியே தொடங்கிவிட்டது என்று அங்கே கைதட்டினார்கள். மேற்கு நிலையத்தில் மீசை ஒரு சொல் விடாமல் கேட்டார். அது ஒத்திகை இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு அந்த அளவு நடிக்க வராது. ஏணி வண்டியைக் கிளப்பச் சொல்லி, வாசல் கதவைத் திறக்கச் சொல்லி, முன்சீட்டில் ஏறியும் உட்கார்ந்துவிட்டார். இன்ஜின் உறுமிக்கொண்டு நின்றது. ஆனால் அழைக்கப்படாத நிலையம் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறுபவரா மீசை? கூப்பிடட்டும், கிளம்பலாம் என்று மீசையை நீவிக்கொண்டு காத்திருந்தார்.

இங்கே சைரன் கருவியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் கை யோசிக்காமல் ஒரு காரியம் செய்தது. பல வருஷங்களாக ஏணி வேண்டும் என்றால் எதைச் செய்ததோ அதையே செய்தது. கருவியைத் தொங்கவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியை அழைத்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இந்தா, உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ஏணி உடனே வரணும். சந்தை ரோட்டு மெத்தைக் கடை பத்திக்கிச்சு. மேல பல்லு டாக்டர் ரூமோ என்னவோ, ஆளுங்க மாட்டிக்கிட்டுக் கத்துறாங்க. சீக்கிரம்."

மறுமுனையில் இருமல் கேட்டது. ஊசி போட்டு மரத்துப்போன வாயால் அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"தெரியும்ங்க. அந்த ஆளுங்கள்ல ஒரு ஆளு நான்தான்."

சைரன் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது மாடி ஜன்னலில், கழுத்தில் டாக்டர் கட்டிவிட்ட நீலத் துணியோடு, காதில் போனோடு அவள் நின்றாள். மற்றொரு கையை ஆட்டினாள். காலையில் செருப்பு மாட்டும்போது அவள் என்னவோ சொன்னாளே, என்ன சொன்னாள்? இப்போது ஒவ்வொரு சொல்லும் திரும்ப வந்தது. மெத்தைக் கடை, மூணாவது மாடி. எத்தனை வீட்டு ஜன்னல்களை இப்படிக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறார், ஒருதரமும் அதில் தன் வீட்டு ஆள் நின்றதில்லை.

"அண்ணனுக்குப் போன் போடு" என்றார். "நீ சொன்னா உடனே வந்துடுவார். போடும்மா."

"மாட்டேன்." புகை நெஞ்சுக்குள் போய் மறுபடி இருமினாள். "காலையில என்ன சொன்னீங்க? நடுவுல நான் வேணாம்னீங்கல்ல? நீங்களே பேசுங்க."

வைத்துவிட்டாள். வைத்தது மட்டுமல்ல, போனை அணைத்து, அவர் பார்க்கும்படி ஜன்னலுக்கு வெளியே ஒருதரம் தூக்கிக் காட்டிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு புகையில் மறைந்துபோனாள்.

சைரன் கருவியைப் பாய்ந்து எடுத்தார்.

"மேற்கு. மேற்கு. கிழக்கு..." என்று தொடங்கியவருக்கு அழைக்கிறது என்ற சொல் வரவில்லை. "மச்சான்! உங்க தங்கச்சி மேல நிக்கிறா மச்சான்! ஏணி எட்டல. வாங்க மச்சான், கும்பிட்டுக் கேக்கறேன், வாங்க."

ஓவர் சொல்லவில்லை. தலைமையகத்தில் ஒலிபெருக்கி இதை அப்படியே, இம்மி குறையாமல் ஒலித்தது. விழாவுக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். ஒருங்கிணைப்பு எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

மேற்கும் ஓவருக்குக் காத்திருக்கவில்லை. "மாப்ள, வந்துட்டேன்! மாப்ள, அவளை ஜன்னலை விட்டு நகர வேணாம்னு சொல்லு! மாப்ள!" என்று கருவி அலறியது, கூடவே மணியும் இன்ஜினும் அலறின. சைரன் குழாயைத் தானே பிடித்துக்கொண்டு படிவாசலுக்குள் தண்ணீரை அடித்தார். அடித்துக்கொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அன்று அந்தக் குரலுக்கு ஒதுங்க மறுத்தது புகை ஒன்றுதான்.

ஏணி வண்டி வந்து நின்ற வேகத்தில் நடைபாதைக் கல் பெயர்ந்தது. ஏணி நிமிர்ந்தது, மீசையே அதன் தலைப்பில் ஏறி நின்று மேலே போனார். ஜன்னல் வழியாக முதலில் வந்தவர் வாயில் பஞ்சு வைத்த ஒரு கிழவர். பிறகு டாக்டரின் உதவிப்பெண், அவளுக்குப் பின்னால் கையில் இன்னும் பல் பிடுங்கும் குறட்டைப் பிடித்திருந்த டாக்டர். கடைசியாகத்தான் அவள். எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இறங்கும்போது மீசை தங்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார், அவருடைய மீசை நடுங்குவது கீழேயிருந்தே தெரிந்தது.

ஆட்கள் கீழ்த்தளத் தீயை மடக்கிக்கொண்டிருக்க, அவளைத் தரையில் உட்காரவைத்து முகத்தில் ஆக்சிஜன் காற்றுமூடியை வைத்தார்கள். முகம் கரி, கண் இரண்டும் சிவப்பு, ஒரு கன்னம் மட்டும் வீங்கி மரத்திருந்தது. மூச்சு சீராக வருகிறது என்று முதலுதவி ஆள் சொன்னதும் இரண்டு அலுவலர்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். விட்ட கையோடு சைரன் திரும்பினார்.

"வடக்குகிட்ட நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல? ஏன் கிளம்பல?"

"என்னையக் கூப்பிட்டியா நீ? வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன்யா! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

"கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்களா? ஆளு எரியுதுன்னு தெரிஞ்சும்?"

"நீ தெரிஞ்சுக்கிட்டே கூப்பிடாம இருந்தியே!"

பேச்சு பழையபடி பஞ்சுக் கிடங்கை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அதற்குள் அவள் காற்றுமூடியை முகத்திலிருந்து இழுத்துக் கீழே விட்டாள். இருவரையும் பார்த்தாள். வசவைக் கழித்து மரியாதையைக் கூட்டிப் பேசிப் பழகிய வாய், அன்றைக்கு எதையும் கழிக்கவில்லை, கூட்டவுமில்லை.

"இப்ப நான் செத்திருந்தா, ரெண்டு பேரும் யார்கிட்டச் சொல்லி ஒருத்தருக்கொருத்தர் சேதி அனுப்பியிருப்பீங்க?"

மீசை தலைக்கவசத்தைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மூடியை எடுத்து மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இடுப்பிலிருந்த போனை அவள் தொடவே இல்லை.

கிழக்கின் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்த கருவியும் மேற்கின் வண்டியிலிருந்த கருவியும் ஒரே நேரத்தில் கரகரத்தன. இரண்டிலும் ஒருங்கிணைப்பின் குரல், பதறிப்போய்.

"கிழக்கு, கிழக்கு, மேற்கு, மேற்கு, தலைமையகம் அழைக்கிறது. கேக்குதா? யாராவது பதில் சொல்லுங்க. லைன்ல ஏதாவது கோளாறா? ஓவர்."

கருவியில் ஒரு கோளாறும் இல்லை, குரல் கணீரென்று கேட்டது. சைரன் போய்க் கருவியை எடுத்தார். பொத்தானை அழுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு, மச்சான் நின்ற இடத்துக்கு நடந்து வரப் பார்த்தார், கம்பி அவ்வளவு நீளவில்லை. அதைக் கீழே விட்டுவிட்டு வெறுங்கையோடு போய் மீசையின் பக்கத்தில் நின்றார்.